மதர்போர்டு மாற்றிய பின் லேன் இணைப்பு கிடைக்கவில்லை: சரியான நெட்வொர்க் கார்டு டிரைவரைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: கானாடுகாத்தான் வாசி

அனைவருக்கும் வணக்கம்.

கானாடுகாத்தானில் எங்கள் அம்மான் வீட்டின் சில அறைகளை விருந்தினர் தங்குவதற்கு விடுகிறோம். முன்பதிவு, ரசீது, வெளிநாட்டிலிருந்து வருவோரின் விவரங்களை அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவது என எல்லா வேலைகளும் முகப்பை ஒட்டிய அறையிலுள்ள ஒரே மேசைக் கணினியில்தான் நடக்கின்றன. வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவதாலும், ஃபைபர் இணைப்பு பின் தெரு வழியாக வந்ததாலும், ரூட்டர் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் இருக்கிறது. சுவர்களின் கனத்தில் வைஃபை வளவைத் (நடு முற்றப் பகுதியை) தாண்டுவதில்லை. ஆகவே உத்திரத்தை ஒட்டி லேன் கேபிள் இழுத்து முகப்பு வரை கொண்டு வந்திருக்கிறோம்.

ஐப்பசி மழையில் விழுந்த இடியில் கணினியின் மதர்போர்டு பழுதாகிவிட்டது. புதிய மதர்போர்டைப் பொருத்திய கடைக்காரர், தம்மிடமிருந்த பழைய பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 10 நிறுவிக் கொடுத்தார். கணினி நன்றாக ஓடுகிறது. இணையம் மட்டும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘ஈதர்நெட் கண்ட்ரோலர்’ என்று மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் ஒரு வரி இருக்கிறது. அதைத் திறந்தால் டிரைவர் (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) நிறுவப்படவில்லை என்றும் கோட் 28 என்றும் காட்டுகிறது. பழைய மதர்போர்டுடன் வந்த குறுந்தகட்டில் ரியல்டெக் நெட்வொர்க் டிரைவர் இருந்தது. அதை இயக்கினால், ரியல்டெக் நெட்வொர்க் கண்ட்ரோலர் காணப்படவில்லை, டீப் ஸ்லீப் நிலை இயக்கத்தில் இருந்தால் கேபிளைச் செருகவும் என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றுவிடுகிறது. கேபிள் செருகியே இருக்கிறது. போர்ட்டில் பச்சை விளக்கும் எரிகிறது.

விளக்கு எரியும்போது கார்டு வேலை செய்கிறது என்றுதானே பொருள்? பிறகு டிரைவர் எதற்கு? இணையமே இல்லாத கணினிக்கு எந்த டிரைவர் வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடித்து, எப்படிக் கொண்டு சேர்ப்பது? எல்லா டிரைவர்களையும் தானே தேடி நிறுவும் மென்பொருள்கள் பற்றி விளம்பரம் பார்த்தேன். அவற்றை நம்பலாமா? விவரமறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: செக்காலை ரோடு சர்வீஸ்

வணக்கம். காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். அந்த மஞ்சள் குறியுள்ள வரி தெரிகிறது என்பதே உங்கள் கார்டு உயிருடன் இருப்பதற்கு அடையாளம். இடி விழுந்து லேன் சிப் செத்துப்போன கணினிகளில் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனமே பெரும்பாலும் தென்படாது. அப்படிப்பட்ட கணினிக்கு எந்த டிரைவரைப் போட்டும் பயனில்லை. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ஆன்போர்டு லேன் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, தனி கார்டு வாங்கிப் பொருத்துவதுதான் வழி. கோட் 10 என்று வந்தால் டிரைவர் இருந்தும் சாதனம் தொடங்க மறுக்கிறது என்று பொருள். உங்களுக்கு வந்திருக்கும் கோட் 28, சாதனம் இருக்கிறது, டிரைவர் மட்டும் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது.

இனி எந்த டிரைவர் என்பது. மதர்போர்டின் பெயரையோ, ‘ரியல்டெக்’ என்ற நிறுவனப் பெயரையோ வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். அந்த மஞ்சள் வரியின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சென்று, ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான சில வரிகள் தெரியும். அவற்றில் வென் (VEN) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு இலக்கங்கள் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் எண். டெவ் (DEV) என்பதற்குப் பின் வரும் நான்கு இலக்கங்கள் அந்தச் சிப்பின் எண். 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 10ஈசி (10EC) என்றால் ரியல்டெக், 14ஈ4 (14E4) என்றால் பிராட்காம். இந்த இரண்டு எண்களும்தான் கார்டின் உண்மையான முகவரி. விண்டோஸும் இவற்றை வைத்தே டிரைவரைத் தேடுகிறது.

சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் இந்த அடையாள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரியல்டெக்கின் 8111 என்று அச்சிட்ட கிகாபிட் சிப், கணினியிடம் தன்னை 8168 என்றே சொல்லிக்கொள்ளும். அதற்கான டிரைவர் 8168-க்கு உரியது. இது தெரியாமல் 8111 என்று தேடி, கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் பதிவிறக்கி அலுத்துப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் குறுந்தகடு மறுத்ததற்கும் காரணம் இங்கேதான் இருக்க வேண்டும். அந்தச் செய்தி இரண்டு சூழ்நிலைகளில் வரும். கேபிள் இல்லாதபோது சில ரியல்டெக் சிப்புகள் மின்சாரத்தைச் சேமிக்க ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். அப்போது நிறுவும் மென்பொருளின் கண்ணுக்குச் சிப் படாது. கேபிளைச் செருகி மீண்டும் முயன்றால் அது சரியாகிவிடும். உங்களுக்கு விளக்கு எரிவதால் அது அல்ல. மற்றது, அந்தக் குறுந்தகட்டிலுள்ள டிரைவரின் பட்டியலில் உங்கள் சிப்பின் எண்ணே இல்லாமலிருப்பது. புதிய மதர்போர்டுகளில் 2.5 கிகாபிட் வேகம் கொண்ட 8125 சிப் பரவலாக வருகிறது. பழைய குறுந்தகடுகளிலும் பழைய விண்டோஸ் 10 பென் டிரைவ்களிலும் அதற்கான டிரைவர் இருக்காது. எண்ணைப் பார்த்து எழுதுங்கள், உறுதி செய்துகொள்ளலாம்.

டிரைவரைக் கொண்டு சேர்க்க எளிய வழி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் கணினியுடன் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். கைப்பேசியையே ஒரு நெட்வொர்க் கார்டாகக் கொள்ளும் டிரைவர் விண்டோஸ் 10-இல் ஏற்கெனவே இருப்பதால், சற்று நேரத்தில் இணையம் வந்துவிடும். வந்தவுடன் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய பக்கத்தைத் திறந்து லேன் டிரைவரை மட்டும் இறக்கிக்கொண்டு, கைப்பேசியைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால் விண்டோஸ் தன் புதுப்பிப்புகளையெல்லாம் இழுக்கத் தொடங்கி, அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிடும். கைப்பேசி ஐஃபோன் என்றால் அதற்கே ஒரு டிரைவர் வேண்டியிருக்கும். அப்போது வேறொரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் எடுத்து வருவதே சுலபம்.

இறக்கிய ஜிப் கோப்பை விரித்தால் உள்ளே முக்கியமாக மூன்று வகைக் கோப்புகள் இருக்கும். சிஸ் (.sys) என்று முடிவது டிரைவர். கேட் (.cat) என்று முடிவது அதன் கையொப்பம். ஐஎன்எஃப் (.inf) என்று முடிவது, எந்தெந்த அடையாள எண்ணுக்கு எந்தக் கோப்பை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்பு. ஐஎன்எஃப் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து உங்கள் சிப்பின் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். எண் இருந்தால் அது உங்களுக்கான டிரைவர், இல்லையென்றால் இல்லை. நிறுவிப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

செட்டப் கோப்பு இருந்தால் அதை இயக்குங்கள். அது முரண்டு பிடித்தால், மஞ்சள் வரியில் வலது பொத்தானை அழுத்தி ‘அப்டேட் டிரைவர்’, பின்பு ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர் ஃபார் டிரைவர்ஸ்’ என்று சென்று, விரித்த ஃபோல்டரைக் காட்டி, துணை ஃபோல்டர்களையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்து தொடருங்கள். ஐஎன்எஃப் பொருந்தினால் ஒரு நிமிடத்துக்குள் ஆச்சரியக்குறி மறைந்துவிடும்.

எல்லா டிரைவர்களையும் தானே தேடித் தரும் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். அவை கொண்டுவரும் விளம்பர மென்பொருள்களை அகற்றவே எங்களிடம் கணினிகள் வருகின்றன. உங்களுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு சிப்பின் டிரைவர். அதன் எண் உங்கள் கையிலேயே இருக்கும்போது இடைத்தரகர் எதற்கு?

பதில் 2: தேவகோட்டை நெட்வொர்க் ஆசிரியர்

நடைமுறையை மேலே உள்ள நண்பர் முழுமையாகச் சொல்லிவிட்டார். விளக்கு எரிந்தும் ஏன் இணையம் இல்லை என்ற உங்கள் முதல் கேள்வி என் மாணவர்கள் அடிக்கடி கேட்பது. அதற்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

லேன் சிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. கேபிளின் மின் குறிப்புகளைக் கையாளும் பகுதி ஒன்று. மின்சாரம் கிடைத்ததும் அது மறுமுனையிலுள்ள ரூட்டருடன் தானே பேசி, இருவருக்கும் பொதுவான வேகத்தை முடிவு செய்துகொண்டு விளக்கை ஏற்றிவிடும். இதற்கு விண்டோஸும் தேவையில்லை, டிரைவரும் தேவையில்லை. ஆகவே எரியும் விளக்கு, கேபிளுக்கு மறுமுனையில் ஏதோ ஒரு சாதனம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மற்ற பகுதி, வந்த தரவுப் பொட்டலங்களைக் கணினியின் நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும் பகுதி. அதை இயக்குவதற்குத்தான் டிரைவர் வேண்டும்.

டிரைவர் தொடங்கியவுடன் செய்யும் முதல் வேலை நினைவகத்தில் இடம் ஒதுக்குவது. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் விருந்தினர் உட்காருமுன் இலை போட்டு வைப்பதைப்போல, வரப்போகும் பொட்டலங்களுக்கு வெற்றிடங்களை வரிசையாக ஒதுக்கி, அவற்றின் முகவரிகளை வளையமாக அமைந்த ஒரு பட்டியலில் எழுதி, அந்தப் பட்டியல் இருக்குமிடத்தைக் கார்டிடம் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு பொட்டலம் வந்தால் கார்டு பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் தானே நேரடியாக அடுத்த வெற்றிடத்தில் எழுதிவிட்டு, ‘வந்துவிட்டது’ என்று ஒரு இன்டரப்ட் கொடுக்கிறது. டிரைவர் எழுந்து வந்து, பொட்டலத்தை எடுத்து விண்டோஸின் டிசிபி/ஐபி பகுதியிடம் ஒப்படைத்துவிட்டு, காலியான இடத்தை மீண்டும் வரிசையில் சேர்க்கிறது. டிரைவர் இல்லையென்றால் பட்டியலே இல்லை. கேபிள் வழியாகப் பொட்டலங்கள் கதவு வரை வருகின்றன. வைக்க இடம் சொல்ல ஆளில்லாததால் அத்தனையும் வீணாகின்றன.

இதன் வேகத்தை எண்ணிப் பார்த்தால் டிரைவரின் பணி எவ்வளவு நுட்பமானது என்று விளங்கும். 1 கிகாபிட் இணைப்பில் 1500 பைட் தாங்கும் முழுப் பொட்டலங்கள் இடைவிடாமல் வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 81,000 வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்டரப்ட் என்றால் பிராசசர் வேறு வேலை எதையும் பார்க்க முடியாது. எனவே நல்ல டிரைவர்கள், பல பொட்டலங்கள் சேர்ந்த பின் ஒரு முறை அழைத்தால் போதும் என்று கார்டுக்குக் கட்டளையிடுகின்றன. பொட்டலம் சிதையாமல் வந்திருக்கிறதா என்று கணக்கிட்டுச் சரிபார்க்கும் வேலையையும் கார்டிடமே விட்டுவிடுகின்றன. இந்தக் கட்டளைகளை எழுத வேண்டிய இடங்கள் ஒவ்வொரு சிப்பிலும் வேறுபடும். 8168-இன் டிரைவர் 8125-க்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான். விண்டோஸுக்குள் எல்லா நெட்வொர்க் டிரைவர்களும் ஒரே விதமாகப் பேசுவதற்கு என்டிஐஎஸ் என்ற பொது ஒழுங்கு இருக்கிறது. மைக்ரோசாஃப்டும் 3காம் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அந்த ஒழுங்கின் மேல்புறம் எல்லாருக்கும் ஒன்று. சிப்பைத் தொடும் கீழ்ப்புறம்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

கையொப்பம் பற்றியும் ஒரு சொல். டிரைவர் விண்டோஸின் கருவறைக்குள் ஓடும் நிரல். அதில் தீய நிரல் ஒன்று நுழைந்தால் தடுக்க எவருமில்லை. அதனால்தான் 64 பிட் விண்டோஸ், விஸ்டா காலத்திலிருந்தே கையொப்பமில்லாத டிரைவரை ஏற்பதில்லை. கோட் 52 என்று வந்தால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள். விருந்தினரின் பாஸ்போர்ட் விவரங்கள் இருக்கும் கணினியில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பதில் 3: பள்ளத்தூர் லினக்ஸ் பயனர்

கேள்வி விண்டோஸ் பற்றியது என்றாலும், இதே சிப்புடன் லினக்ஸ் நிறுவித் தவிப்பவர்கள் இந்தப் பக்கத்துக்கு வரக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். லினக்ஸில் பெரும்பாலான நெட்வொர்க் டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலுடனேயே வந்துவிடுகின்றன. தனியே இறக்க வேண்டியதில்லை. ரியல்டெக் 8125-க்கான ஆதரவு, 2019 நவம்பரில் வந்த 5.4 கெர்னலில் ஆர்8169 என்ற டிரைவரில் சேர்ந்தது. அந்தச் சிப்பின் பிந்தைய வகைகளுக்கான ஆதரவு அடுத்தடுத்த கெர்னல்களில் வந்தது. 4.19 கெர்னலுடன் வந்த டெபியன் 10 என்ற லினக்ஸ் பதிப்பில் அது கிடையாது. ஆகவே டிரைவரைத் தேடுவதைவிடப் புதிய பதிப்பை நிறுவுவது புத்திசாலித்தனம். எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற விருப்பத்துடன் (lspci -nnk) கொடுத்தால், அடையாள எண்ணும் அதைப் பிடித்திருக்கும் டிரைவரின் பெயரும் அடுத்தடுத்துத் தெரியும்.

சில கார்டுகளுக்கு டிரைவருடன், கார்டுக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும். முக்கியமாக வைஃபை கார்டுகளில் அது இல்லாமல் எதுவும் நடக்காது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகள் நிறுவும் வட்டிலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால், முன்பிருந்த அலைச்சல் இப்போது இல்லை.

கானாடுகாத்தான் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்களைப் பார்த்தேன்: 10ஈசி, 8125. முதல் பதிலில் ஊகித்தபடியேதான் இருக்கிறது. பழைய குறுந்தகட்டின் ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து தேடினேன். 8168 பல வரிகளில் இருக்கிறது, 8125 ஓரிடத்திலும் இல்லை. கைப்பேசி வழியாக மதர்போர்டு தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவியதும் மஞ்சள் குறி மறைந்து இணையம் வந்துவிட்டது. நேற்று இரவு வந்த பிரெஞ்சு விருந்தினரின் விவரங்களையும் நேரத்துக்குள் பதிந்துவிட்டோம்.

ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. சிப் 2.5 கிகாபிட்; ரூட்டரின் போர்ட் 1 கிகாபிட் என்று அதன் அடியில் எழுதியிருக்கிறது. ஆனால் ஈதர்நெட் நிலையைப் பார்த்தால் வேகம் 100 எம்பிபிஎஸ் என்றே காட்டுகிறது. இதைவிடப் புதிய டிரைவர் ஏதேனும் தேட வேண்டுமா?

பதில் 4: செக்காலை ரோடு சர்வீஸ்

வேண்டாம். இது கிட்டத்தட்ட நிச்சயமாகக் கேபிளின் குறை. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குக் கேபிளிலுள்ள எட்டுக் கம்பிகளில் நான்கே போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும், கிரிம்ப் (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது) சரியாக விழாமலிருந்தாலும், இரண்டு முனைகளும் பேசிப் பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிவிடும். முன்பு கேபிள் இழுத்தவர்கள் நான்கு கம்பிகளை மட்டும் கிரிம்ப் செய்திருப்பதும் பழைய வீடுகளில் சாதாரணமாகக் காணக்கூடியது. கணினியை ரூட்டர் அருகே எடுத்துச் சென்று ஒரு சிறிய நல்ல கேபிளில் இணைத்துப் பாருங்கள். 1 கிகாபிட் காட்டினால், உத்திரத்தோரம் போகும் கேபிளின் இரு முனைகளையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் சுவரைத் தொடாமலேயே வேலை முடிந்துவிடும். மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். வீடு தெருவுக்குத் தெரு நீண்டிருந்தாலும், வளைந்து ஏறி இறங்கும் கேபிளின் நீளம் வீட்டின் நீளத்தைவிட அதிகம்.

இடி பற்றியும் சொல்லியாக வேண்டும். லேன் போர்ட்டினுள் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் 1500 வோல்ட் வரை தாங்கும்படி அமைந்தவை. அருகில் விழும் இடி நீண்ட கேபிளில் தூண்டும் மின்னழுத்தம் அதை எளிதாகத் தாண்டிவிடும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியே மின்சாரம் வராது. ஆனால் ரூட்டரின் மின் அடாப்டர் வழியாகவும், முகப்பு வரை நீளும் உங்கள் செம்புக் கேபிள் வழியாகவும் வரும். வானம் இருட்டத் தொடங்கியதும் மின் இணைப்புடன் லேன் கேபிளையும் கணினியிலிருந்து கழற்றி வைக்குமாறு வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

பதில் 5: தேவகோட்டை நெட்வொர்க் ஆசிரியர்

கேபிள் பற்றிய கணிப்பை நானும் வழிமொழிகிறேன். புதிய டிரைவர் தேட வேண்டுமா என்று கேட்டதால் ஒன்று சேர்க்கிறேன். நன்றாக ஓடும் நெட்வொர்க் டிரைவரை, புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மாற்ற வேண்டியதில்லை. இணைப்பு அடிக்கடி அறுந்தாலோ, உறக்கத்திலிருந்து எழுந்ததும் கார்டு காணாமல் போனாலோ, பாதுகாப்புக் குறை பற்றிய அறிவிப்பு வந்தாலோ மாற்றுங்கள். மாற்றிய பின் தொல்லை வந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தான் முந்தைய டிரைவரை மீட்டுத் தரும்.

ஆனால் விண்டோஸையே மாற்றுவது பற்றி நீங்கள் யோசிக்கத்தான் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகும் நாளில் நிறுவும் கட்டத்திலேயே இணையம் கேட்கும். இப்போது இறக்கிய டிரைவரின் தளத்திலேயே விண்டோஸ் 11-க்கானதையும் இறக்கி, இரண்டையும் விரித்த ஃபோல்டர்களாகவே ஒரு பென் டிரைவில் வைத்து, 10ஈசி, 8125 என்ற எண்களை ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்தக் கணினியைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு அது உதவும்.